கடல் பார்க்கப் போகும் நாமக்கல்காரருக்குச் சில யோசனைகள்

நாமக்கல் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1997 ஜனவரி 1ஆம் தேதி சேலத்திலிருந்து பாகம் பிரித்தபோது கொல்லிமலை வந்தது, காவிரிக்கரை வந்தது, கோட்டை வந்தது. கடல் சேலத்திடமே இல்லாததால் அது பங்கில் சேரவில்லை. ஆகவே நம்மவர்களுக்குக் கடல் என்றாலே டீசல் செலவுதான். கன்னியாகுமரி, இராமேசுவரம், வேளாங்கண்ணி எல்லாம் பார்த்துத் தீர்த்தாயிற்று. இப்போது மணப்பாட்டின் முறை. மணிரத்னத்தின் ‘கடல்’ படம் 2013இல் வந்தபோது அந்த ஊர் பலர் கண்ணில் பட்டது. அதன்பிறகு மேலே இருந்து படம்பிடித்த வீடியோக்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. மச்சான் போய்வந்துவிட்டான், சம்பந்தி வீட்டார் போய்வந்துவிட்டார்கள். இனி நாம் போகாமல் இருப்பது குடும்ப கௌரவத்துக்கு அழகில்லை. போவது என்று ஆனபிறகு முறையாகப் போக வேண்டும். அந்த முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இடம் எது என்று தெரியாமலே வண்டியில் ஏறித் தூங்கிவிடுகிறவர்களுக்காக இரண்டு வரி. கரூர், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி என்று இறங்கித் திருச்செந்தூர் போய், அங்கிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கருமேனியாறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல்மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், அதற்குப் பக்கத்தில் கலங்கரை விளக்கம். கீழே பெரிய பெரிய வீடுகளும் படகுகளும் வலைகளுமாக ஊர். மீன்பிடிக்கிற ஊர், கத்தோலிக்க ஊர், பரதவர் ஊர்.

முதல் வேலை நாள் பார்ப்பது. கட்டாயம் ஞாயிற்றுக்கிழமை போங்கள். நமக்கு அன்றுதான் பண்ணையிலும் பட்டறையிலும் கொஞ்சம் ஒழிவு. சனி இரவு பத்து மணிக்கு வேன் ஏறினால் விடியற்காலை கடற்கரையில் இறங்கி, துடிக்கத் துடிக்க மீன் வாங்கிவிடலாம் என்பது கணக்கு. இறங்கிப் பார்த்தால் படகுகள் எல்லாம் வரிசையாகக் கரையில் ஏறிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குப் போகிறார்கள். சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் ஊரே கோயிலை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போது, அதிலே ஒருவரை மறித்து, “ஏனுங்க, இங்க மீனு எங்கீங்க கெடைக்கும்?” என்று கேளுங்கள். “நாளைக்கு வாங்க அண்ணாச்சி” என்பார். உடனே நீங்கள், “இந்தக் காலத்துல லீவு எல்லாம் பாத்தா தொழில் எப்பிடீங்க முன்னேறும்?” என்று ஒரு யோசனை சொல்ல வேண்டும். கோழி ஞாயிற்றுக்கிழமையும் முட்டையிடுகிறது என்ற உதாரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கொடுக்கிற ஊரைப் பார்த்து வருஷம் முழுக்க ஓய்வில்லாத ஊர்க்காரர் சொல்கிற யோசனை என்பதால் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

ஞாயிறு முடியாது என்றால் அடுத்த சிறந்த காலம் திருவிழா. செப்டம்பர் 1ஆம் தேதி கொடியேறி 14ஆம் தேதி திருச்சிலுவை மகிமைப் பெருவிழாவோடு முடியும். நம்மவர்களுக்கு இந்தத் தேதியில் ஒரு வசதி இருக்கிறது. 14ஆம் தேதி தாண்டி இரண்டு மூன்று நாளில் புரட்டாசி பிறந்துவிடும். அப்புறம் ஒரு மாதம் வீட்டில் மீனும் கிடையாது, கறியும் கிடையாது, நாமக்கல்லில் முட்டை விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கடைசியாக ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்புகிற கூட்டத்தைத் திருவிழாவுக்கு வந்த பக்தர் கூட்டத்திலிருந்து எளிதில் பிரித்துவிடலாம். பக்தர்கள் மேட்டைப் பார்த்து நடப்பார்கள், நம்மவர்கள் வறுவல் வாடை வருகிற திசையைப் பார்த்து நடப்பார்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மணப்பாட்டுக்குப் போகிறவர் திருச்செந்தூரைத் தாண்டித்தான் போக வேண்டும். முருகனைப் பார்க்காமல் தாண்டினால் அப்பாரு விடமாட்டார். பார்த்துவிட்டால் மீன் சாப்பிடலாமா? கோயிலுக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்கு வர வேண்டும் என்பது அம்மாயியின் கட்சி. மீன் தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாது என்பதில் எல்லாக் கட்சிக்கும் உடன்பாடு. முன்னாலும் ஆகாது, பின்னாலும் ஆகாது என்றால் மீன் எப்போதுதான் சாப்பிடுவது? மதுரை தாண்டுவதற்குள் வேனுக்குள் இந்த வழக்கு நடந்து முடிந்தாக வேண்டும். விபூதிப் பொட்டலத்தை வண்டியின் முன்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டால் பாவம் ஒட்டாது என்று யாராவது ஒரு சித்தப்பா தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

சரி, ஊருக்குள் போய்விட்டீர்கள். பேச்சை எப்படித் தொடங்குவது? பெயரைக் கேளுங்கள். பெர்னாண்டோ, ரோச், மச்சாது, மிராந்தா, கொரைரா, மோத்தா என்று ஏதாவது ஒன்று வரும். கேட்டதும் கண்களை விரித்து, “அட, அப்ப உங்க முன்னோருங்க போர்ச்சுக்கல்லீங்களா?” என்று ஆச்சரியப்பட வேண்டும். இந்தக் கேள்வியை அந்தக் குடும்பத்தில் எத்தனை தலைமுறையிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துத் தயங்க வேண்டாம். அவர் தன் கரிய முன்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார், உங்களையும் ஒருமுறை பார்ப்பார். “எங்களுக்கு முன்னோரு இதே கடல்தான் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வேலையைக் கவனிப்பார்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். இது முத்துக்குளித்துறை. கொற்கை காலத்திலிருந்து முத்தும் சங்கும் எடுத்தவர்களின் கரை. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பு உரிமையில் பகை முற்றி, தாக்குப்பிடிக்க முடியாமல் போனபோது, 1530களில் இந்தக் கரையின் பெரியவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னின்ற போர்ச்சுகீசியரின் குலப்பெயர்களே இவர்களுக்கு வந்தன என்று சொல்வார்கள். பெயர் மட்டும் வந்ததே ஒழிய ஆள் மாறவில்லை. சேர்ந்தவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத நிலையில்தான் 1542 அக்டோபரில் புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். வேற்று மொழி ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கையேடு நான் பார்த்ததில்லை. நமக்கு அந்த மணி தேவையில்லை, வேனில் ஏர்ஹாரன் இருக்கிறது.

அப்புறம் 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள். கத்தோலிக்கப் பாதிரிமாரை விரட்டினார்கள், சனங்களைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். இவர்கள் அசையவில்லை. டச்சுக்காரர் போனார், ஆங்கிலேயர் வந்தார், அவரும் போனார். தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு 1806இல் செய்த தங்கத்தேர் இன்னும் இருக்கிறது, விசேஷ ஆண்டுகளில் ஆகஸ்ட் 5ஆம் தேதி ஓடுகிறது. ஆக, “வெள்ளைக்காரன் மாத்திட்டுப் போயிட்டான்” என்று ஒரே வரியில் முடிக்க வந்தவர், மாற்ற வந்த இன்னொரு வெள்ளைக்காரனை இதே ஆட்கள் திருப்பி அனுப்பிய கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். கதை நீண்டுவிடும். டீ ஆறிவிடும். விட்டுவிடுங்கள்.

படித்தவர்கள் வேனில் இருந்தால் அவர்களுக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. “மீன் பிடிக்கிறவங்கதான், ஆனா நல்லா படிச்சிருக்காங்க.” இந்த ‘ஆனா’வை அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ஒரு தகவல். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகங்கள் இந்தக் கரைச் சனங்களுக்காகத்தான் உருவாயின. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’மும், 1586இல் வந்த ‘அடியார் வரலா’றும் அன்றிக் அடிகளார் என்று நாம் சொல்கிற என்றிக்கே என்றிக்கசின் வேலை. அவர் இருந்தது இங்கே வடக்கே பக்கத்திலுள்ள புன்னைக்காயலில். செலவுக்குக் கைகொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அந்த நாளில் நாமக்கல் பக்கம் அச்சு என்றால் மாட்டுவண்டி அச்சு மட்டும்தான். இன்றைக்கும் நமக்கு லாரி அச்சில்தான் பெருமை அதிகம். குறையாகச் சொல்லவில்லை.

உலகம் முழுக்க இப்படி ஊர் பார்க்கப் போகிற கூட்டம் இருக்கிறது. கனடாவின் கிழக்குக் கரையில் கேப் பிரெட்டன் தீவில் ஷெட்டிகாம்ப் என்று ஒரு மீனவர் ஊர். பெயரைக் கேட்டு நம் செட்டியார் யாரோ முகாம் போட்ட இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே இருப்பவர்கள் அகாடியர்கள், பிரான்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். 1755 முதல் ஆங்கிலேயர்கள் அவர்களை வீடுவாசலைப் பிடுங்கிக் கப்பலேற்றித் துரத்தினார்கள். தப்பியவர்களும் திரும்பி வந்தவர்களும் இப்படிப்பட்ட கடலோர மூலைகளில் மீன்பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு பேசிக்கொண்டு, பூசைக்குப் போய்க்கொண்டு பிழைத்தார்கள். 1881இல் தங்களுக்கென்று ஒரு நாள் குறித்தார்கள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15. அன்றைக்குப் பானை சட்டியைத் தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள், நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று உலகத்துக்குக் கேட்க வேண்டுமாம். சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் கம்பளிநூலால் கோத்துச் செய்கிற விரிப்பை வாங்கிக்கொண்டு, கடல் உணவு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மணப்பாட்டுக்காரர்கள் பானையைத் தட்ட வேண்டியதில்லை. இவர்களை யாரும் கரையிலிருந்து கிளப்பவில்லை. வந்தவர்கள்தான் கிளம்பிப் போனார்கள். ஆனால் வந்து பார்க்கிறவர்களின் கண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஊர்க்காரர் எல்லாரும் தங்கள் பாரம்பரியத்தைக் காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடுவார்கள் என்று அந்தக் கண் நினைக்கிறது.

மீன் வாங்கும் கலைக்கு வருவோம். இதில் நாமக்கல்காரருக்கு ஈடு இல்லை. காலையில் எழுந்ததும் முட்டைக்கு ஒருங்கிணைப்புக் குழு போட்ட விலையைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஒரு குழு இருக்கும், அது ஒரு விலை போடும் என்பது நம் நம்பிக்கை. படகு கரையேறி, மீனை மணலில் கொட்டி, சுற்றி ஆட்கள் நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே புகுந்து பேசுங்கள்.

“சீலா இன்னிக்கு என்ன ரேட்டுங்க?”

“ஏலம் முடியட்டும் அண்ணாச்சி.”

“இல்லீங்க, ரேட்டு யாரு போடறாங்க?”

“கடலு போடும்.”

இதற்குமேல் அவரை நெருக்கக்கூடாது. ஏலம் எடுத்த ஆச்சி ஒருவர் பெட்டியைச் சுமந்துகொண்டு போவார், அவரிடம் இரண்டு கிலோ கேட்கலாம். அவர் சொல்கிற விலையில் பாதியைக் கேட்பது நம் வழக்கம். பாதி கேட்டதும் அவர் உங்களுக்குக் கடல் பக்கம் கையைக் காட்டுவார். ‘அங்கே இருக்கிறது, நீயே போய்ப் பிடித்துக்கொள்’ என்று அதற்கு அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அதை வைத்து, “தடை இருக்கறப்ப எப்படீங்க மீனு வந்துச்சு?” என்று சட்டம் பேசவும் வாய்ப்பு உண்டு. இங்கே ஓடுவது நாட்டுப்படகு. அதற்குத் தடை கிடையாது. கேட்டுவிட்டு முழிக்க வேண்டாம்.

கரையில் நடக்கும்போது ஒரு இடத்தில் வாடை அடிக்கும். பாயிலும் மணலிலும் சின்னச்சின்ன மீன்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். குழந்தைகள் மூக்கைப் பிடிக்கும், நீங்களும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, “எப்பிடித்தான் இருக்காங்களோ!” என்று சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைக்கு நடுவே பிறந்து, கோழி எருவை மிதித்து வளர்ந்து, மழை பெய்த மறுநாள் ஊரே மணக்கிற இடத்திலிருந்து வந்தவர் இதைச் சொல்லும்போது ஒரு தனி அழுத்தம் கிடைக்கும். தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளில் சாப்பாட்டுக்கு ஆகாத பொடிமீனை இப்படி உலர்த்தி மூட்டை கட்டுகிறார்களே, அது எங்கே போகிறது என்று மூட்டையருகே நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். “ஒங்க ஊருக்குத்தான்!” நாமக்கல் தீவன ஆலைகளுக்கு லாரி லாரியாகக் கருவாடு போகிறது. முட்டை ஓடு கெட்டிப்பட வேண்டுமே என்று கோழிக்குப் போடுகிற கிளிஞ்சலும் கடலில் விளைந்ததுதான். கொல்லிமலை அடிவாரத்துக் கோழி இந்தக் கடலைத் தின்று முட்டையிடுகிறது. அந்த முட்டை சத்துணவுக் கூடங்களுக்கும் போகிறது, கப்பலேறி வளைகுடாவுக்கும் போகிறது. இதையெல்லாம் யோசித்தால் நாம் மணப்பாட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் மிகை. நம் சரக்கு வருகிற ஊருக்குக் கணக்குத் தீர்க்க வந்தவர்கள் என்று சொல்லலாம். கைக்குட்டையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

படம் எடுப்பதற்கு ஆகச் சிறந்த ஆள், கிடுகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். வலது கையில் நூல் சுற்றிய தட்டை ஊசி. கிழிந்த கண்ணுக்குள் ஊசி நுழையும், இடது கைவிரல் கண்ணின் அளவைப் பிடித்துக்கொள்ளும், முடிச்சு விழும், ஊசி அடுத்த கண்ணுக்குப் போய்விடும். பேசிக்கொண்டே செய்வார், கண் வலைமேல் இருக்காது, முடிச்சு ஒன்றுகூடப் பிசகாது. இப்படிப்பட்ட ஆளைப் பார்த்ததும் நாம் செய்ய வேண்டியது, “அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்தி இங்க பாத்துச் சிரிங்க” என்பது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் பற்றவைத்துக்கொண்டிருக்கிறவரிடம் யாராவது வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மணப்பாட்டுக்காரர்கள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஒருமுறை சிரித்துவிடுவார்கள். இரண்டாவது வேன் வரும்போதுதான் முகம் சுருங்கும்.

பெரிய வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். உயரமான தூண், மரவேலை செய்த மாடம், பெரிய பெரிய கதவு. பல வீடுகள் கொழும்பு வியாபாரக் காசில் எழுந்தவை. ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரருக்குத் தூத்துக்குடி எவ்வளவோ அவ்வளவு கொழும்பும் பழக்கம். சில வீடுகள் பூட்டிக் கிடக்கும். குடும்பங்கள் திருவிழாவுக்குத்தான் வந்து திறக்கும். பூட்டிய வீட்டின் சன்னல் இடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்ப்பதும், திண்ணையில் ஏறி நின்று கல்யாணப் படம் எடுப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி, “யாரு வீட்டுப் பிள்ளைங்க நீங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் இருக்காது.

இந்த ஊர் எப்படி உள்ளே வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவல் 1977இல் வந்தது, நடப்பது மணப்பாட்டில். ஜோ டி குருஸ் உவரிக்காரர். அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ம், 2013இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய ‘கொற்கை’யும் இந்தக் கரையைத்தான் சொல்கின்றன. ஆனால் படித்துவிட்டுப் போனால் ஒரு கஷ்டம். கேட்கிற கேள்விகள் குறைந்துவிடும். பேசாமல் வர வேண்டிவரும். வேனில் பின்சீட்டில் கொறிப்பதற்கு நிறைய இருக்கும்போது புத்தகம் எதற்கு?

கோயிலுக்குப் போகிற வழக்கம் தெரியாதவர்கள் நாம் இல்லை. மணல்மேட்டுக் கோயிலைப் பற்றி ஊரில் சொல்கிற கதை இது: புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று தப்பிக் கரை சேர்ந்தது, மாலுமி நேர்ந்துகொண்டபடி பாய்மரத்திலிருந்து குருசு செய்து மேட்டில் நட்டார். 1581இல் கோயில் எழுந்தது என்கிறார்கள். ஏசுவின் சிலுவையின் துணுக்கு என்று நம்பப்படும் ஒன்று அங்கே பெரும் மரியாதையோடு காக்கப்படுகிறது. மேட்டின் கடல் பக்கச் சரிவில் சவேரியார் தங்கிச் செபித்த குகை. உள்ளே கிணறு, கடலுக்குக் கைநீட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர். அவருக்கு முன்னால் அதே குகையில் சைவச் சந்நியாசி ஒருவர் இருந்தார் என்பதும் ஊர் வழக்கு. கோட்டைப் பாறையைக் குடைந்த கோயில்களில் நரசிம்மரையும் அரங்கநாதரையும் கும்பிட்டு வளர்ந்த நாமக்கல்காரருக்குக் குகைக்குள் சாமி இருப்பது ஒன்றும் புதுசில்லை. எனவே இங்கே வழிகாட்டுதல் எதுவும் வேண்டாம்.

ஆனாலும் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வேனில் வருகிறவர்களில் இந்த ஊரில் நன்றாக நடந்துகொள்கிறவர் அம்மாயி ஒருவர்தான். அவர் வரலாறு கேட்பதில்லை. செருப்பை வெளியே விடுவார், முக்காடு போட்டுக்கொண்டு கும்பிடுவார், சுருக்குப்பையை அவிழ்த்து உண்டியலில் காசு போடுவார், வெளியே வந்து படிக்கட்டில் உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உள்ளூர்ப் பாட்டியிடம், “உங்களுக்கும் முழங்காலுங்களா?” என்பார். அரைமணி நேரத்தில் இரண்டு மருமகள்களின் கதையும் பரிமாறி முடிந்திருக்கும். கிளம்பும்போது அந்தப் பாட்டி வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வேனுக்கு வந்து சேரும். ட்ரோன் பறக்கவிட்ட பேரனுக்கு ஒன்றும் வராது.

கடலில் இறங்குவது பற்றி விளையாட்டாகப் பேசமுடியாது. மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் காவிரியில் எதிர்நீச்சல் போட்டவன் என்று மார்தட்டுகிற மாமாக்கள் ஒவ்வொரு வேனிலும் உண்டு. காவிரி ஒரு பக்கமாகத்தான் போகும். கடலின் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. கச்சான் அடிக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று தொழிலுக்குப் போகிறவர்களே பார்த்துப் பார்த்து வள்ளத்தை இறக்குகிறார்கள். ஆற்று முகத்துவாரம் பார்க்க அமைதியாக இருக்கும், அங்கே இறங்கவே வேண்டாம். அவர்கள் படகில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம். அது மீன்பிடிப் படகு. பாட்டில் எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் போகலாம் என்று கிசுகிசுக்கிற இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மேடு அவர்களுக்குக் கோயில் வாசல். நம் ஆஞ்சநேயர் சன்னதி வாசலில் யாராவது அப்படி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னேற்றத்தைப் பற்றி அவர்களிடம் உரையாற்ற ஆசையிருந்தால் பக்கத்திலேயே பொருள் கிடைக்கும். வடக்கே கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையம், நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீளும் பாலம். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். “உங்க ஊரு எங்கியோ போயிருமுங்க!” என்று உற்சாகப்படுத்துங்கள். “ராக்கெட் போற அன்னிக்கு நாங்க கடலுக்குப் போகலாமாண்ணே?” என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்குள் வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டால் நல்லது.

நாமக்கல்லிலிருந்து கடலோரத்துக்குப் போனவற்றில் உருப்படியானது எது என்று என்னைக் கேட்டால் ஒரு பாட்டைத்தான் சொல்வேன். 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது தொண்டர்கள் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதிக்கொடுத்தவர் நம் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. அதற்குப் பிறகு நாம் அனுப்பி வைத்ததில் தண்ணீர்ப் பாட்டிலும் நொறுக்குத்தீனி உறையும்தான் அதிகம்.

கடைசியாகக் காரியத்துக்கு ஆகிற சில விஷயங்கள். திருச்செந்தூரிலிருந்து பஸ் இருக்கிறது, வேன் இல்லாமலும் போகலாம். மீன் வேண்டுமென்றால் ஞாயிறு தவிர்த்த நாளில் போங்கள். ஏலம் நடக்கிற மணலில் வண்டியை நிறுத்தாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஊரில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பனையோலைப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள், ஒன்றிரண்டு வாங்குங்கள். வரும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். பெட்டிக்குச் சொல்கிற விலையைக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பாதி விலை கேட்காதீர்கள்.